உஷார்! குறைமாதப் பிள்ளைக்கு வயிறு உப்பினால் விடியும்வரை பார்த்திருக்காதீர்கள்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பத்து நாள் தாண்டி, குழாய் வழியே பால் இறங்கி, நிறையும் கொஞ்சம் கூடிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும். இனிப் பயமில்லை என்று சொந்தபந்தத்துக்குச் சொல்லத் தொடங்குவோம். ஆனால் குடலைச் சாகடிக்கும் ஒரு நோய் அநேகமாக அந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் வருகிறது. காலையில் பால் குடித்த பிள்ளை இரவுக்குள் வயிறு உப்பி, சோர்ந்து, மூச்சு விட்டுவிட்டு வாங்கும் நிலைக்குப் போய்விடும்.

வைத்தியர்கள் இதைச் சுருக்கமாக ‘நெக்’ என்கிறார்கள். குடலின் சுவர் வீங்கி, கிருமி உள்ளே புகுந்து, அந்த இடம் செத்துப்போகும். சில பிள்ளைகளுக்குக் குடலில் ஓட்டையும் விழும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். நோய் பிடித்தவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள். சத்திரசிகிச்சை வரை போகும் மிகச் சிறிய பிள்ளைகளில் இறப்பு இதைவிட அதிகம்.

ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிறை குறைந்த பிள்ளைகள் இலங்கையில் அதிகம் பிறப்பது தோட்டப்புறத்தில்தான். தாய்க்கு இரத்தம் குறைவு, சாப்பாடு குறைவு, வயிற்றில் பிள்ளையோடு பால்வெட்டும் கொழுந்தும். அவசரமென்றால் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கவே நேரம் போகும். பிறகு கேகாலை ஆஸ்பத்திரி. குடலில் கத்தி வைக்க வேண்டுமென்றால் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு லேடி ரிட்ஜ்வேக்கோ அனுப்ப வேண்டிவரும்.

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை எரிபொருள் தட்டுப்பாடு வந்த 2022 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டுச் சனம் தண்டவாளத்தை மறித்தது. அடுத்த மாதம் ஹல்துமுல்லையில், பிறந்து இரண்டே நாளான பிள்ளை, தகப்பன் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் தேடி அலைந்ததில் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப்போய் இறந்தது. அது வேறு நோய். ஆனாலும் பச்சைப்பிள்ளைக்குச் சில மணித்தியாலங்கள் எவ்வளவு பெரியவை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வாகனம் தேடி ஓடாதீர்கள். 1990க்கு அழையுங்கள். அந்த அம்பியூலன்சுக்குக் காசில்லை.

காவல் பிரசவத்துக்கு முன்பே தொடங்குகிறது. 37 வாரம் நிறையுமுன் வலியெடுத்தாலோ, தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். நேரத்தோடு போனால், தேவைப்பட்ட தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள். நியூசிலாந்தில் லிகின்சும் ஹோவியும் 1972இல் அறிவித்த சிகிச்சை அது. பிள்ளையின் நுரையீரலுக்காகப் போடப்படும் அந்த ஊசி, இந்தக் குடல் நோய் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு அதைப் போட்டுப் பயனில்லை.

அடுத்தது தாய்ப்பால். இதில்தான் நான் யாரோடும் சண்டைக்கு நிற்பேன். 1990இல் லூகஸ், கோல் என்ற இருவர் இங்கிலாந்தில் 926 குறைமாதப் பிள்ளைகளைக் கவனித்து எழுதினார்கள்: தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட, மாப்பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம். ஏன் என்பதற்கு அமெரிக்காவில் டேவிட் ஹக்கம் குழுவின் ஆய்வு ஒரு விடை தருகிறது. கர்ப்பத்தில் குடல் வளர உதவும் ‘டி.எல்.ஆர். 4’ என்ற ஏற்பி குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் அதிகமாகவே இருக்கும். குடலில் கிருமிகள் குடியேறியதும் அது மூர்க்கமாகத் தூண்டப்பட்டு, குடலின் மேல்தோலையே அழிக்கிறது, இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. தாய்ப்பாலில் உள்ள பொருட்கள் அந்தத் தூண்டுதலை அடக்குகின்றன.

ஆகவே பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும், முதல் சில மணித்தியாலங்களிலேயே சீம்பாலைக் கையால் பீச்சத் தொடங்குங்கள். இரவும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது பீச்ச வேண்டும். முதலில் நாலைந்து துளிதான் வரும். அதுவும் மருந்துதான். “இவளுக்குப் பால் இல்லை” என்று மாமியாரோ பக்கத்துக் காம்பராவோ தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். வார்டில் தாதியிடமும், பாலூட்டல் நிலையம் இருந்தால் அங்கேயும் உதவி கேளுங்கள். வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க யாருமில்லை என்று தாயைப் பாதியில் கூட்டிக்கொண்டு போவதும் நடக்கிறது. தகப்பன்மாரே, அந்த இரண்டு மூன்று வாரமும் சமையலும் மற்றப் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு. பால் எவ்வளவு முயன்றும் போதவில்லை என்று வைத்தியர் மாப்பால் கொடுத்தால் பயந்து மறுக்கவும் வேண்டாம். நாமாக வாங்கி, அளவு தெரியாமல் கரைத்துக் கொடுப்பதுதான் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. சீனித்தண்ணி, தேன், வசம்பு, ரத்தகல்க, கிரைப் வோட்டர் எதுவும் வாயில் வைக்க வேண்டாம். சாதாரணமாகத் தோன்றும் பொருளே உயிரை வாங்கியிருக்கிறது. பிள்ளை பாலைக் கக்காமலிருக்க அமெரிக்காவில் ‘சிம்ப்ளிதிக்’ என்ற தடிப்பாக்கியைப் பாலில் கலந்தார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2011இல் அந்நாட்டு அரசு எச்சரித்தது. அடுத்த ஆண்டுக் கணக்கில், அதைக் குடித்து இந்த நோய் வந்தவர்கள் 22 பேர், இறந்தவர்கள் 7 பேர். வீட்டுக்குப் போன பிறகு நோய் வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அடையாளங்களை மனதில் பதியுங்கள். வயிறு உப்பி இறுகும், பளபளக்கும், தோல் நிறம் மாறும். பச்சையாக வாந்தி எடுக்கும். மலத்தில் இரத்தம் இருக்கும். பால் இறங்காது. உடம்பு சில்லிடும், கூப்பிட்டால் அசைவு குறையும், மூச்சு நின்று நின்று வரும். இவை எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். பச்சை வாந்தி ஒன்றே போதும் ஓடுவதற்கு. பிள்ளை வார்டில் இருந்தால் உடனே மிஸ்ஸிடம் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் சிங்களத்தில் “பட இதிமிலா” (வயிறு உப்பிவிட்டது), “கொல பாட்ட வமனே” (பச்சை வாந்தி), “லே யனவா” (இரத்தம் போகிறது) என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். கரைச்சல் கொடுக்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம். பிள்ளையின் நேற்றைய வயிறும் இன்றைய வயிறும் வேறு என்று முதலில் காண்பது பெரும்பாலும் தாய்தான்.

நோய் என்று சந்தேகம் வந்ததும் பாலை நிறுத்திவிடுவார்கள். அப்போது நம் ஆட்கள் “பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களே” என்று துடித்துப்போகிறார்கள். அது பட்டினி இல்லை, குடலுக்கு ஓய்வு. சத்து நாளம் வழியே போகும். வயிற்றுக்குக் குழாய், அன்டிபயோட்டிக், திரும்பத் திரும்ப எக்ஸ்ரே என்று ஒரு வாரம், பத்து நாள், அதற்கு மேலும் ஆகலாம். இரக்கப்பட்டு யாருக்கும் தெரியாமல் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்காதீர்கள். அந்த நாட்களிலும் பால் பீச்சுவதை நிறுத்தக் கூடாது, குடல் தேறியதும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கும் சில வாரங்கள், மாதங்கள் கழித்துக் குடல் ஓரிடத்தில் சுருங்கி அடைக்கலாம். மறுபடி வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலம் போகாமல் நின்றால், தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். டயக்னோசிஸ் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கேகாலைக்குப் போங்கள்.