வெளிநாட்டுப் பட்டத்துக்கு முன்னால் ஒரு வருடம்... அதற்குள் இத்தனை சட்டமா? தெரியுமா?

படித்து முடித்தால் பட்டம் கிடையாது. டிப்ளமாவும் கிடையாது. ஆனால் அந்தப் படிப்பை நடத்தும் கல்லூரி எப்படி விளம்பரம் செய்ய வேண்டும், எவ்வளவு முன்பணம் கேட்கலாம், மூடிவிட்டால் மாணவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தேசிய அளவில் விதி இருக்கிறது! ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கு முன் வெளிநாட்டு மாணவர்கள் படிக்கும் ஃபவுண்டேஷன் படிப்பைத்தான் சொல்கிறோம். பிள்ளையை அனுப்பும் பெற்றோரில் பலர் கல்லூரிக் கட்டணத்தை விசாரிக்கிறார்கள், தங்கும் இடத்தை விசாரிக்கிறார்கள். தங்கள் பக்கம் நிற்கும் சட்டத்தை மட்டும் விசாரிப்பதில்லை. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

பட்டம் தராத படிப்புக்குத் தனித் தரநிலை!

ஆஸ்திரேலியாவில் பள்ளிச் சான்றிதழ் தொடங்கி முனைவர் பட்டம் வரை எல்லாத் தகுதிகளையும் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கும் தேசியச் சட்டகம் ஒன்று உண்டு. ஃபவுண்டேஷன் படிப்புக்கு அந்த அடுக்கில் இடமே இல்லை! வெளிநாட்டு மாணவரை அங்குள்ள 12-ஆம் வகுப்புக்கு நிகரான நிலைக்குக் கொண்டுவந்து, பல்கலைக்கழக வாசலில் நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. அடுக்கில் இல்லாவிட்டாலும் அப்படியே விட்டுவிடவில்லை. 2011-இல் இதற்கென்றே தேசியத் தரநிலைகள் வந்தன. 2021-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. பல்கலைக்கழகங்களையே கண்காணிக்கும் டெக்சா என்ற தேசிய ஒழுங்குமுறை அமைப்புதான் இவற்றையும் கண்காணிக்கிறது.

விளம்பரத்தின் அடியில் ஒளிந்திருக்கும் எண்!

ஏதாவது ஓர் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் துண்டுப் பிரசுரத்தை எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். மெல்போர்ன் பல்கலைக்கழகம் என்றால் 00116கே. சிட்னி பல்கலைக்கழகம் என்றால் 00026ஏ. ஐந்து இலக்கம், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. இதுதான் கிரைகோஸ் எண்! வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்வி நிறுவனங்களின் அரசுப் பதிவேடுதான் கிரைகோஸ். அச்சிட்ட விளம்பரமோ, இணையதளமோ, எதுவாக இருந்தாலும் இந்த எண்ணைப் போட்டே ஆக வேண்டும்.

இதைவிட வியப்பு, அந்தப் பதிவேட்டை உங்கள் வீட்டில் உட்கார்ந்தே, காசு செலவில்லாமல் திறந்து பார்க்கலாம் என்பது! நிறுவனத்துக்கு ஓர் எண் இருப்பதுபோல ஒவ்வொரு படிப்புக்கும் தனி எண் உண்டு. அதைத் தட்டினால் படிப்பின் பெயர், எத்தனை வாரம், கல்விக் கட்டணம் எவ்வளவு, மற்றக் கட்டணம் எவ்வளவு, எந்த ஊரில் எந்த வளாகத்தில் நடக்கிறது என்று எல்லாம் வந்து நிற்கும். கன்சல்டன்சிக்காரர் தாளில் எழுதிக் கொடுத்த தொகையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பதிவேட்டில் இல்லாத படிப்பை மாணவர் விசாவில் வருபவர்களுக்கு நடத்துவது அங்கே தண்டனைக்குரிய குற்றம்!

பெயர் ஒன்று, கல்லூரி வேறு!

மொனாஷ் பல்கலைக்கழகத்தின் கிரைகோஸ் எண் 00008சி. அதன் ஃபவுண்டேஷன் படிப்பை நடத்தும் மொனாஷ் கல்லூரியின் எண் 01857ஜே. இரண்டும் ஒன்றல்ல, கவனித்தீர்களா? பல இடங்களில் ஃபவுண்டேஷன் படிப்பை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, அதனோடு இணைந்த தனி நிறுவனம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் யாருடன், பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது, நாளை ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மூடிய கல்லூரிகள் எழுதவைத்த சட்டம்!

1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ஆங்கிலப் பயிற்சிக் கல்லூரிகள் புற்றீசல்போலக் கிளம்பின. விசா விதிகள் இறுகியதும் பல கல்லூரிகள் மடமடவென்று மூடின. முன்பணம் கட்டிய வெளிநாட்டு மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதன் விளைவாக 1991-இல் முதல் சட்டம் வந்தது. 2000-இல் அதைவிட வலுவான சட்டம். 'ஈசாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அத்தோடு முடிந்ததா? இல்லை! 2009, 2010-இல் மீண்டும் தனியார் கல்லூரிகள் சரிந்தன. இந்த முறை பாதிக்கப்பட்டவர்களில் இந்திய மாணவர்கள் ஏராளம். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் புரூஸ் பேர்ட் தலைமையில் சட்டம் முழுவதும் மறு ஆய்வுக்கு உள்ளானது. இன்று உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி, அன்று பணத்தை இழந்த பிள்ளைகளால் வந்தது.

கல்லூரி மூடினால் பணம் என்ன ஆகும்?

2012 ஜூலை 1 முதல் கல்விக் கட்டணப் பாதுகாப்புச் சேவை என்ற அமைப்பு இயங்குகிறது. கல்லூரி ஒரு படிப்பைத் தொடங்காமல் விட்டாலோ, பாதியில் நிறுத்தினாலோ, 3 வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் மாணவருக்கு மாற்று இடமோ, பணமோ தர வேண்டும். தராவிட்டால் இந்த அமைப்பே களத்தில் இறங்கும்! வேறு கல்லூரியில் இடம் தேடித் தரும். இடம் அமையாவிட்டால், இன்னும் நடத்தப்படாத பாடங்களுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரும்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கல்லூரிகளிடமிருந்தே! வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டும் வரிதான் இந்த நிதி.

பாதிக்கு மேல் கட்டச் சொல்லக் கூடாது!

படிப்பு தொடங்கும் முன் மொத்தக் கல்விக் கட்டணத்தில் 50 சதவீதத்துக்கு மேல் கட்டியே ஆக வேண்டும் என்று கல்லூரி வற்புறுத்தக் கூடாது. 25 வாரமோ அதற்குக் குறைவாகவோ உள்ள குறுகிய படிப்புகளுக்கு மட்டும் விலக்கு. நீங்களாக விரும்பிக் கூடுதலாகக் கட்டலாம். ஆனால் அது உங்கள் விருப்பம், அவர்கள் உரிமை அல்ல!

விசா மறுக்கப்பட்டு, படிப்பைத் தொடங்கவே முடியாமல் போனால்? கட்டிய தொகையில் 5 சதவீதம் அல்லது 500 ஆஸ்திரேலிய டாலர், இரண்டில் எது குறைவோ அதை மட்டும் கல்லூரி பிடித்துக்கொள்ளலாம். மீதி உங்களுக்கே திரும்பி வர வேண்டும். ஆனால் விசா விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 டாலராக ஏறிய அந்தக் கட்டணம், 2025 ஜூலையில் 2,000 டாலர் ஆகிவிட்டது!

17 வயதா? அப்படியானால் கல்லூரிக்குக் கூடுதல் பொறுப்பு!

ஃபவுண்டேஷன் மாணவர்களில் பலர் இன்னும் 18 வயதைத் தொடாதவர்கள். பெற்றோரோ தகுதியான உறவினரோ உடன் தங்காத நிலையில், இந்தப் பிள்ளை தங்கும் இடத்துக்கும் நலனுக்கும் நாங்கள் பொறுப்பு என்று கல்லூரியே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்துவிட்டால் சும்மா இருக்க முடியாது! பிள்ளை போய்ச் சேரும் முன்பே தங்குமிடத்தைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு குறைந்தது 6 மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் பார்க்க வேண்டும். தங்க இடம் கொடுக்கும் பெரியவர்களிடம் சிறார்களோடு பழகுவதற்கான அனுமதிச் சான்று இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். அவசரத்துக்கு யாரை அழைப்பது, யாராவது தவறாக நடந்தால் எங்கே சொல்வது என்பதைப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்கிச் சொல்லவும் வேண்டும். 'அந்தக் கடிதம் யார் பெயரில், எந்தத் தேதி வரை?' என்று கேட்க ஒவ்வொரு அம்மா அப்பாவுக்கும் உரிமை இருக்கிறது. கேளுங்கள்!

வருகைப் பதிவேடு விசாவையே தொடும்!

வெளிநாட்டுக் கல்லூரி என்றால் வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தீர்களா? ஃபவுண்டேஷன் படிப்பில் அது நடக்காது! குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும். குறைந்தால் கல்லூரி எச்சரிக்க வேண்டும். தேறாவிட்டால் அரசின் கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும். அங்கே ஏறினால் விசாவுக்கே ஆபத்து. ஆங்கிலப் பயிற்சியும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: அந்த ஆங்கில வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 18 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது. வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேர வகுப்பு நடந்தாக வேண்டும். பிள்ளையிடம் போனில் பேசும்போது வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்!

ஆறு மாதக் கணக்கு எங்கே தொடங்குகிறது தெரியுமா?

'போய்ச் சேருங்க, ஆறு மாசத்துல வேற காலேஜுக்கு மாத்திக்கலாம்.' இப்படிச் சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்! ஃபவுண்டேஷன், அதன் பிறகு பட்டப்படிப்பு என்று இரண்டையும் சேர்த்து ஒரே விசாவில் போகிறவர்களுக்கு, பிரதானப் படிப்பு என்பது பட்டப்படிப்புதான். அந்தப் பட்டப்படிப்பில் 6 மாதம் முடிந்த பிறகே சுதந்திரமாக மாற முடியும். ஃபவுண்டேஷனில் கழித்த மாதங்கள் அந்தக் கணக்கில் வரவே வராது!

அதற்கு முன் மாற வேண்டும் என்றால் இருக்கும் கல்லூரியின் விடுவிப்பு தேவை. கல்லூரி சொன்னபடி படிப்பை நடத்தவில்லை, கருணை அடிப்படையிலான காரணம் இருக்கிறது என்பது போன்ற நிலைகளில் விடுவிப்புக் கிடைக்கும். அதற்கு ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. முன்பு ஒரு குறுக்குவழி இருந்தது. பழைய கல்லூரியில் பெயரை வைத்துக்கொண்டே இன்னொரு மலிவான கல்லூரியிலும் சேர்ந்துவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

ஏஜென்ட் யார் ஆள்?

உங்கள் ஊர் ஏஜென்டுக்குப் பொதுவாகக் கமிஷன் தருவது கல்லூரி. ஆகவே சட்டம் கல்லூரியின் சட்டையைத்தான் பிடிக்கிறது! ஒவ்வொரு ஏஜென்டோடும் எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். தன் ஏஜென்டுகள் யார் யார் என்ற பட்டியலைக் கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நேர்மையற்று நடக்கும் ஏஜென்ட் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவரின் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? அவர் முன்னாலேயே தேடிப் பார்க்கலாம். தப்பே இல்லை!

புகாருக்குக் கெடு உண்டு!

மாணவர் முறையாகப் புகார் கொடுத்தால் 10 வேலை நாட்களுக்குள் கல்லூரி அதைப் பரிசீலிக்கத் தொடங்க வேண்டும். உள் மேல்முறையீடு நடக்கும்போது அவருடைய சேர்க்கையைப் பொதுவாகத் துண்டிக்கக் கூடாது. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், ஆம்பட்ஸ்மன் என்ற சுதந்திரமான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமே இல்லாமல் போகலாம். வக்கீல் தேவையில்லை!

ஜெர்மனியில் கதையே வேறு!

பல நாடுகளின் பள்ளிச் சான்றிதழ் ஜெர்மனியில் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. அந்த மாணவர்களுக்காக இருப்பவைதான் 'ஷ்டூடியன்கொலெக்' எனும் ஆயத்தக் கல்லூரிகள். இரண்டு செமஸ்டர். பொறியியலுக்கு ஒரு பிரிவு, மருத்துவத்துக்கு ஒரு பிரிவு, வணிகத்துக்கு ஒரு பிரிவு என்று தனித்தனி வகுப்புகள். அரசுக் கல்லூரி என்றால் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டர் பங்களிப்பு மட்டும்தான்! ஆனால் இறுதித் தேர்வு கடுமை. தோற்றால் ஒரே ஒரு முறைதான் திரும்ப எழுதலாம். தனியார் ஆயத்தக் கல்லூரிகளும் உண்டு. அவற்றில் அரசு அங்கீகாரம் இல்லாதவற்றில் படித்தவர்கள், இறுதித் தேர்வை வெளியாளாகப் போய் எழுத வேண்டும். பணம் கட்டும் முன் இதைக் கேட்காவிட்டால் பிறகு வருந்த வேண்டியதுதான்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியவர்கள் பொறியியல், அறிவியல் போன்ற துறைகளில் இந்த ஆயத்த வருடம் இல்லாமலேயே விண்ணப்பிக்கலாம்! இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் வெற்றிகரமாக முடித்தவர்களும் அதே துறையில் விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டனைக் கலக்கிய ஒரு செய்தி!

2024 ஜனவரியில் லண்டன் 'சண்டே டைம்ஸ்' ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. குறைந்த மதிப்பெண்ணோடு வெளிநாட்டு மாணவர்கள் ஃபவுண்டேஷன் வழியாகப் பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் நுழைகிறார்கள் என்றது அது. நாடே பரபரத்தது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, தர உறுதி முகமையான கியூ.ஏ.ஏ.விடம் ஆய்வை ஒப்படைத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஃபவுண்டேஷன் படிப்பின் சேர்க்கைத் தகுதி, உள்நாட்டு மாணவர்களுக்கான அதே நிலைப் படிப்போடு பெரிதும் ஒத்திருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு!

சட்டத்தின் எல்லை எதுவரை?

கடைசியாக, ஆஸ்திரேலியச் சட்டம் பற்றி ஒன்று. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ஈசாஸ் சட்டம் காப்பது, மாணவர் விசாவோடு ஆஸ்திரேலிய மண்ணில் படிப்பவர்களை. அதே பல்கலைக்கழகத்தின் பெயரில் கொழும்பிலோ கோலாலம்பூரிலோ நடக்கும் ஃபவுண்டேஷன் படிப்புக்கு இந்தக் கட்டணப் பாதுகாப்பு கிடையாது. அங்கே அந்தந்த நாட்டு விதிதான் பேசும். செலவு குறைவு என்று அந்த வழியைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. எந்தக் குடைக்குள் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, பணம் அனுப்பும் முன் நான்கே நான்கு வேலைகள். கிரைகோஸ் பதிவேட்டில் கல்லூரியின் எண்ணையும் படிப்பின் எண்ணையும் சரிபாருங்கள். கல்லூரியின் இணையதளத்தில் உங்கள் ஏஜென்டின் பெயரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தில் பணத்தைத் திருப்பித் தரும் பகுதியை வரிவிடாமல் படியுங்கள். பட்டப்படிப்பில் சேர ஃபவுண்டேஷனில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நகை அடகு வைத்தோ, வீட்டுப் பத்திரத்தின் மேல் கடன் வாங்கியோ பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கேள்வி கேட்டால் சீட்டுப் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். சேரும் முன் உங்களுக்குத் தகவல் தர வேண்டியது சட்டப்படி கல்லூரியின் கடமை!