கொல்லிமலை ஏரிக்கு கேட்டமரான் ஸ்பீட் போட்: 21 லட்சம் போடலாமா?

"சைடு பிசினஸ்: எது நிக்கும், எது மூழ்கும்" வீடியோ போட்டதுக்கு அப்புறம் நிறைய மெயில் வந்துச்சு. டீக்கடை ஃபிரான்சைஸ், கிளவுட் கிச்சன், ஹோம்ஸ்டேன்னு வழக்கமான கேள்விகள்தான். ஒண்ணு மட்டும் வேற ரகம்.

எழுதினவருக்கு 27 வயசு. ஊர் கொல்லிமலை, செம்மேடு பக்கம். வேலை பெங்களூர்ல, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 72,000. ஒரு புரோக்கர் அவருக்கு பழைய கேட்டமரான் ஸ்பீட் போட் ஒண்ணு காட்டியிருக்கார். 18 அடி, ரெண்டு அடிப்பாகம், பின்னாடி 60 ஹெச்.பி. அவுட்போர்டு இன்ஜின் ரெண்டு. விலை 21 லட்சம். வாசலூர்பட்டி ஏரியில டூரிஸ்டை ஏத்தி ஓட்டணும், சீசன் இல்லாதப்போ ஈ.சி.ஆர். பக்கம் கொண்டுபோய் கடல்ல ஓட்டணும். இதுதான் பிளான். 15 லட்சம் பர்சனல் லோன், மீதி 6 லட்சம் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்து வச்ச காசு.

அந்த 6 லட்சத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல படகைப் பார்ப்போம். பொருள் என்னன்னு தெரியாம கணக்குப் போடக் கூடாது.

கேட்டமரான்ங்கிற ஆங்கில வார்த்தை நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான். ஆனா பொருள் வேற. நம்ம மீனவர்களோட கட்டுமரம் சில மரத்தடிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப் போடலாம். இன்னிக்கு கேட்டமரான்னு விக்கிறது ரெண்டு ஒல்லியான அடிப்பாகத்தை மேல ஒரு தளத்தால் இணைச்ச படகு. பசிபிக் தீவுக்காரங்களோட இரட்டைப் படகுதான் அதுக்கு நெருங்கின சொந்தம். 1876ல் நியூயார்க்ல நதானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்'னு ஒரு இரட்டை அடிப்பாகப் பாய்மரப் படகைப் போட்டியில இறக்கி, மத்த படகுகளை ஓரங்கட்டிட்டார். எதிர்ப்பு கிளம்பி, போட்டியில இருந்தே அதை ஒதுக்கி வச்சாங்க. பேர் நம்மது, டிசைன் வேறெங்கேயோ, பேட்டன்ட் அவங்களது!

ஒல்லியான அடிப்பாகம் தண்ணியைக் குறைவா தள்ளும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுரங்கம் மாதிரி இடைவெளி இருக்கும். வேகம் கூடும்போது அதுக்குள்ள காத்து அடைபட்டு படகைக் கொஞ்சம் மேல தூக்கும். அதனால அதே ஹெச்.பி.க்கு வேகம் அதிகம், ஆட்டமும் குறைவு. 2018 நவம்பர்ல அமராவதியில, கிருஷ்ணா நதியில நடந்த எஃப்1 படகுப் போட்டியை யூடியூப்ல தேடிப் பாருங்க. அந்தப் படகெல்லாம் இந்த வகைதான். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல சாதாரணமா போகும். அதே காத்து அளவு மீறினா மூக்கைத் தூக்கிப் பின்பக்கமா கவிழ்த்தும் விடும்.

ஏரிப் படகு வேற, கடல் படகு வேற

புரோக்கர் "ரெண்டுலயும் ஓட்டலாம் சார்"னு சொன்னாராம். இங்கதான் உஷாரா இருக்கணும்.

அமெரிக்காவுல இதுக்கு தனி மார்க்கெட்டே இருக்கு. கலிஃபோர்னியாவுல டி.சி.பி. கம்பெனியோட எம்28 மாதிரி 28 அடி படகுகள் பெரும்பாலும் ஏரி, ஆறுகளுக்கானவை. தண்ணி தட்டையா இருக்கும், அதனால உயரம் குறைவா, இலகுவா செய்யலாம். ஸ்கேட்டர், எம்.டி.ஐ. கம்பெனிகளோட பெரிய படகுகள் 40 அடியைச் சுத்தியும் அதுக்கு மேலயும் இருக்கும். அதுங்க கடலலையைத் தாண்டணும். ஏரிப் படகைக் கடல்ல விட்டா அலை நேரா அந்தச் சுரங்கத்தோட கூரையில அறையும். ஒவ்வொரு அறையும் ஃபைபர் ஒட்டுக்கு ஒரு சுத்தியல் அடி. வேர்ல்ட் கேட், ஃப்ரீமேன் மாதிரி கடல் மீன்பிடி கேட்டமரான்கள்ல அந்தக் கூரையை உயர்த்தி வச்சிருப்பாங்க. வேகம் கொஞ்சம் குறையும், ஆனா ஆளை பத்திரமா கரை சேர்க்கும். இன்னொரு விஷயம், எடை. கேட்டமரான் அதிக சுமையை விரும்பாது. ஆள் கூடினா படகு தாழும், சுரங்கம் தண்ணியைத் தொடும், எதுக்காகக் காசு கொடுத்தீங்களோ அந்த வேகமும் போயிடும்.

18 அடிப் படகு எந்தப் பக்கம்? ஏரிப் பக்கம்தான். பயணிகளை ஏத்திக்கிட்டு அலையடிக்கிற வங்கக் கடல்ல அதை ஓட்டுற யோசனையை இப்பவே விட்டுடுங்க. பிளான்ல பாதி வருமானம் அங்கேயே போச்சு. ஒரு தடவை உப்புத் தண்ணியில இறக்கினாலும் செலவு தனி: ஓட்டி முடிச்சதும் இன்ஜினை நல்ல தண்ணியில ஃப்ளஷ் பண்ணணும். துருவைத் தன் மேல வாங்கிக்கிற உலோகக் கட்டி ஒண்ணு பொருத்தியிருப்பாங்க. கடலுக்கு துத்தநாகம் இல்ல அலுமினியம், நல்ல தண்ணிக்கு மெக்னீசியம். இடம் மாத்தினா அதையும் மாத்தணும். இன்ஜின் ரெண்டுன்னா எல்லாமே ரெண்டு தடவை.

70 வளைவும் மெல்லிய காத்தும்

கொல்லிமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு. டிரெய்லர்ல 18 அடிப் படகை ஏத்திக்கிட்டு அதுல ஒரு தடவை ஏறலாம். சீசனுக்கு சீசன் ஏறி இறங்குற கதை நடக்காது. எதிர்ல பஸ் வந்தா யார் ரிவர்ஸ் எடுக்கிறது?

மேல போனாலும் இன்ஜின் கீழ இருந்த மாதிரி இருக்காது. மலையோட மேல்தளம் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10% சக்தியை இழக்கும். 120 ஹெச்.பி.க்குக் காசு கொடுத்துட்டு 105, 108தான் கிடைக்கும். கடல்மட்டத்துக்கு ஏத்த ப்ரொப்பெல்லரையும் மாத்த வேண்டி வரலாம்.

அதோட, வாசலூர்பட்டி சின்ன ஏரிங்க. பெடல் படகுக்கும் துடுப்புப் படகுக்கும் அழகான இடம். நம்ம 1962 வருமான வரி விதிகள்ல தேய்மான அட்டவணையில "ஸ்பீட் போட்"டுக்கு ஒரு வரையறையே இருந்துச்சு: அசையாத தண்ணியில மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டணும், ஓடும்போது மூக்கு தண்ணியை விட்டு மேல எழணும். (வரிச் சட்டம் எழுதுறவங்க படகெல்லாம் ஓட்டிப் பார்த்திருப்பாங்க போல!) மணிக்கு 24ன்னா 10 நிமிஷத்துல 4 கிலோமீட்டர். அந்த ஏரியில 4 கிலோமீட்டர் ஓடணும்னா வட்டம் மேல வட்டம்தான் அடிக்கணும், அதுவும் பெடல் படகுல குழந்தைங்க இருக்கும்போது. வேகத்துக்குக் கொடுக்கிற காசு அங்க வீண்.

இப்போ கணக்கு

15 லட்சம், 13% வட்டி, 5 வருஷம்: இ.எம்.ஐ. சுமார் 34,130 ரூபாய். மொத்த வட்டி 5.48 லட்சம். சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி.

படகு ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு 18,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், சில்லறை ரிப்பேர் சராசரியா மாசம் 10,000னு குறைச்சே வைக்கிறேன். நிலையான செலவு மாசம் 62,130.

பெட்ரோலுக்கு படகுக்காரங்க ஒரு கட்டைவிரல் கணக்கு வச்சிருக்காங்க: முழு வேகத்துல ஹெச்.பி.யில பத்துல ஒரு பங்கு, மணிக்கு அத்தனை அமெரிக்க கேலன். 120 ஹெச்.பி.க்கு 12 கேலன், அதாவது 45 லிட்டர். நம்ம ஆள் மெதுவா ஓட்டுறார்னு 20 லிட்டர் வச்சா, 10 நிமிஷ ரைடுக்கு சுமார் 350 ரூபாய். (கடல்ல ஓடுற 300 ஹெச்.பி. ரெட்டை இன்ஜினுக்கு இதே கணக்குல மணிக்கு 227 லிட்டர். ஒரு மணி நேரத்துல 22,000 ரூபாய்க்கு மேல எரியும்.)

டிக்கெட் 300, ஆறு பேர்னா 1,800. ஏரியை வச்சிருக்கிறவங்களுக்கு 30% பங்குன்னு வைங்க, 540. பெட்ரோல் போக கையில 910. அப்போ மாசம் 69 ரைடு ஓடினா இ.எம்.ஐ. உட்பட எல்லாம் கட்டிடலாம். மாசத்துக்கு 8 வார இறுதி நாள், நாளுக்கு 9 ரைடு. "அட, முடியுமே!"ன்னு தோணும். அவருக்கும் அப்படித்தான் தோணியிருக்கு, அதுல தப்பில்ல.

ஆனா ஒவ்வொரு ரைடுலயும் ஆறு சீட்டும் நிறையுமா? நாலு பேர் கொண்ட குடும்பம்தான் வருதுன்னு வைங்க. வசூல் 1,200. பங்கு 360, பெட்ரோல் 350 போனா மிச்சம் 490. இப்போ 127 ரைடு வேணும், அதாவது நாளுக்கு 16. ஏத்தி இறக்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒரு ரைடுக்கு 20 நிமிஷம். அஞ்சு மணி நேரத்துக்கு மேல இடைவெளி இல்லாம ஓடணும். ஒரு வார இறுதி மழை பெய்ஞ்சா? இ.எம்.ஐ.க்கு மழை தெரியாது. ரெண்டு சீட் காலியா இருந்ததுக்கே தேவையான ரைடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடுச்சு, கவனிச்சீங்களா? நிலையான செலவு அதிகமா இருக்கிற எந்தத் தொழில்லயும் இந்த ஆபத்து உண்டு.

இனி என் ஏரியா, வரி. சம்பளக்காரங்க நிறைய பேர் "நஷ்டம் வந்தா டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு நினைக்கிறாங்க. தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. அடுத்த 8 வருஷத்துக்குத் தூக்கிட்டுப் போய், தொழில் லாபம் வந்தா அதுல கழிக்கலாம், அவ்வளவுதான். தேய்மானம் வருஷம் 20%. 21 லட்சப் படகு அஞ்சு வருஷம் கழிச்சுப் புத்தகத்துல சுமார் 6.88 லட்சம். சரி, சொந்த உபயோகத்துக்கே வாங்குறேன்னு சொல்றவங்களுக்கு: அது பர்சனல் எஃபெக்ட். நஷ்டத்துக்கு வித்தா கேப்பிடல் லாஸ்னு காட்டவே முடியாது.

புதுப் படகுன்னா ஜி.எஸ்.டி. இன்னும் அடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு 40%. 20 லட்சப் படகு 28 லட்சம். துடுப்புப் படகு, கேனோவுக்கு 28%ல இருந்து 18% ஆகக் குறைஞ்சிருக்கு. கட்டின ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாமான்னா, படகுக்கு பொதுவா தடை. பயணிகள் போக்குவரத்து, ஓட்டுநர் பயிற்சி, சரக்கு, மறுவிற்பனை மாதிரி சில விதிவிலக்குதான். ஏரியில வட்டமடிச்சு அதே கரையில இறக்கி விடுறது "போக்குவரத்து"தானான்னு துறை கேள்வி கேட்க வாய்ப்பு இருக்கு. சேவை வருமானம் 20 லட்சத்துக்குள்ள இருந்து பதிவே பண்ணலைன்னா கிரெடிட் பேச்சே இல்ல.

காசைத் தாண்டி ஒண்ணு. உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 மோட்டார் படகுக்குப் பதிவு, சர்வே சான்று, இன்சூரன்ஸ் கேட்குது. 2023 மே 7 அன்னிக்கு கேரளாவுல தானூர்ல அளவுக்கு மீறி ஆள் ஏத்தின டூரிஸ்ட் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. ஒரு டிக்கெட் 300 ரூபாய்க்கு வித்த நிமிஷத்துல இருந்து அந்தப் பொறுப்பு உங்க பேர்ல.

கேட்டமரான்ல போகணும்னு ஆசை மட்டும்னா கொச்சி போங்க. வாட்டர் மெட்ரோ படகெல்லாம் இரட்டை அடிப்பாகம்தான், பேட்டரியில ஓடுது, டிக்கெட் 20 ரூபாய்ல தொடங்குது. வைக்கம் – தவணக்கடவு சோலார் படகு 'ஆதித்யா'வும் அப்படித்தான், 2017ல இருந்து ஓடுது.

தம்பிக்கு நான் எழுதின பதில் இதுதான். புரோக்கருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. முதல்ல ஏரியில தனியார் படகு விட அனுமதி உண்டா, யார் தருவாங்க, எத்தனை வருஷத்துக்குன்னு எழுத்துல வாங்குங்க. வாய்வார்த்தை வேண்டாம். அது கிடைச்சா, கடன் இல்லாம, ரெண்டு மூணு லட்சத்துக்குள்ள கயாக், துடுப்புப் படகு, நல்ல லைஃப் ஜாக்கெட்டோட ஒரு சீசன் ஓட்டிப் பாருங்க. எத்தனை சீட் நிறையுதுன்னு ஒரு நோட்டுல தினமும் குறிங்க. கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வேற தொழில் செய்யக் கூடாதுன்னு வரி இருக்கான்னும் பாருங்க. தங்கச்சி பணம் எஃப்.டி.யிலயே இருக்கட்டும்.

"அனுமதி கேட்கலை சார், புரோக்கர் பார்த்துக்கிறேன்னார்"னு பதில் போட்டிருக்கார். திங்கட்கிழமை லீவு போட்டு ஊருக்குப் போறாராம், நேர்ல விசாரிக்க. மேல போட்ட கணக்கோட எக்செல் ஷீட் வீடியோவுக்குக் கீழ இருக்கு. டிக்கெட் விலை, சீட், ரைடு எண்ணிக்கை மூணையும் மாத்திப் பாருங்க. படகு வேண்டாம், டர்ஃப் கிரவுண்டு, கேமிங் சென்டர், வாடகை கார்னு எதுக்கும் அதே ஷீட் ஓடும்.