‘என்னை உள்ளே விடாதீங்க!’

மூலைக்கடைக்காரரிடம் போய், “அண்ணாச்சி, இனிமே நானே வந்து கெஞ்சினாலும் எனக்கு சிகரெட் தராதீங்க” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரும் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? சிங்கப்பூரில் சூதாட்டத்துக்கு அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ‘சுயவிலக்கு’ என்று பெயர்.

அங்கே 2010-ல் செந்தோசாவிலும் மரீனா பேயிலும் இரண்டு கேஸினோக்கள் திறந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு நாள் உள்ளே போக 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019-க்கு முன் 100 வெள்ளியாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கோ கட்டணமே கிடையாது! இங்கிருந்து வேலைக்குப் போயிருக்கும் நம் வீட்டுப் பிள்ளையும் இந்தக் கணக்கில்தான் வருகிறான். அவனுக்கு ஒரே தடுப்பு, அவன் தனக்குத் தானே போட்டுக் கொள்வதுதான்.

“மனசைக் கட்டுப்படுத்தினா போதாதா? இதுக்கு ஒரு மனுவா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், அளவு மீறிய சூதாட்டம் வெறும் கெட்ட பழக்கம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். 2013-ல் மது, போதை அடிமைத்தனத்தோடு ஒரே வரிசையில் வைத்துவிட்டார்கள். காரணம், மூளையில் நடக்கிற வேலை. ஜெயிக்கும்போது மட்டுமல்ல, ‘இப்ப விழுமா, அப்புறம் விழுமா’ என்று காத்திருக்கும்போதும் டோபமைன் என்ற ரசாயனம் சுறுசுறுப்பாகிறது. மெஷினில் இரண்டு படம் ஒன்றாக நின்று மூன்றாவது வழுக்கிப் போனால் தோல்விதான். மூளையோ, “அடடா, ஜஸ்ட் மிஸ்!” என்று கிட்டத்தட்ட ஜெயித்த மாதிரியே துள்ளுகிறது. அப்புறம் என்ன... ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று சம்பளம் போகும், நகை போகும், கடைசியில் கந்துவட்டி.

அந்த வேகத்தில் இருப்பவரிடம் புத்திமதி எடுபடாது. காலையில் தெளிவாக இருக்கும் மனுஷன், ராத்திரி தடுமாறப் போகும் தனக்கே முன்கூட்டிப் போட்டுக் கொள்ளும் பூட்டுதான் சுயவிலக்கு.

இதற்கென்றே 2005-ல் ஏற்படுத்திய தேசிய கவுன்சிலிடம் மனு கொடுக்க வேண்டும். செலவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளிகளும் கொடுக்கலாம். அதன்பின் கேஸினோ வாசலில் அடையாள அட்டையைப் பரிசோதிக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எப்படியோ நுழைந்து ஜெயித்தாலும் பணம் கைக்கு வராது. குறைந்தது ஒரு வருடத்துக்கு ரத்து செய்ய முடியாது. பிறகும் மனு போட்டால்தான் உண்டு. மனம் மாறிய மறுநாளே போய் ரத்து செய்ய முடிந்தால் அது என்ன பூட்டு?

அவராக எழுதித் தராவிட்டால்? சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மனைவியோ கணவரோ, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மனு செய்யலாம். சூதாட்டத்தால் குடும்பம் பாதிக்கப்படுகிறதா என்று ஒரு குழு விசாரித்து, அவர் தரப்பையும் கேட்டுத் தடை போடும். ‘குடும்ப மானம் போகுமே’ என்று கடனை மட்டும் அடைத்துக் கொண்டே இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். கடன் அடைந்த நிம்மதியில் மறுபடி ஆடப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால், இந்தப் பூட்டு ஒரு கதவுக்குத்தான். எல்லை தாண்டினால் மலேசியாவில் கெந்திங் மலை இருக்கிறது, அங்கே இந்தத் தடை செல்லாது. கையில் செல்போன் வேறு! அதனால் சிகிச்சையும் கூடவே வேண்டும். சிங்கப்பூர் மனநலக் கழகத்தில் இதற்கென்று தனிப் பிரிவு உண்டு. ‘இந்தத் தடவை கண்டிப்பா விழும்’ என்கிற எண்ணத்தைப் பேசிப் பேசியே மாற்றுகிறார்கள்.

மனு கொடுத்த முதல் சில வாரங்கள் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் இருக்கலாம். சண்டைக்குப் போகாதீர்கள். சம்பளக் கணக்கை அவர் சம்மதத்தோடு கொஞ்ச காலம் நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். கடன்காரர் யார் யார், எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். “செத்துடலாம்னு இருக்கு” என்று அவர் ஒரு தரம் சொன்னாலும் ‘சும்மா மிரட்டுறார்’ என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.