பேசுவதைவிடக் கேட்பதற்கே செலவு

2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் கரையை ஒட்டிய கிரேட் டக் தீவில், கடற்பறவைகள் அடைகாக்கும் வளைகளைக் கவனிக்க பெர்க்லி ஆய்வாளர்கள் 32 கம்பியில்லா சென்சார்களை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே பென்டார்ச் பேட்டரிகள். மாற்றப் போனால் பறவை மிரளும். எனவே பேட்டரியின் ஆயுளே கருவியின் ஆயுள்.

அன்று பெருங்கவலை தூரத்தைப் பற்றியது. ரேடியோவில் தூரம் இரட்டித்தால் அனுப்பும் சக்தி குறைந்தது நான்கு மடங்கு வேண்டும். ஆகவே தகவலை எந்தக் கருவி வழியாகக் கைமாற்றுவது என்பதே கேள்வியானது. 2000இல் எம்.ஐ.டி.யின் வெண்டி ஹைன்செல்மன், அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் ‘லீச்’ முறையை முன்வைத்தனர். கருவிகள் குழுக்களாகச் சேரும். குழுத் தலைவன் எல்லா அளவீடுகளையும் சுருக்கித் தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்பும். ஒரே கருவி சுமந்து சாகாதபடி தலைமை முறைவைத்து மாறும். உறுப்பினர்கள் தங்கள் முறை வராத நேரத்தில் ரேடியோவை அணைத்துவிடலாம். பின்வந்த எண்ணற்ற கட்டுரைகளோ, தலைவனைத் தேர்ந்தெடுக்கும் கணக்கையே மெருகேற்றிக்கொண்டிருந்தன.

களத்தில் இறங்கியவர்களுக்குக் கணக்கு வேறாகத் தெரிந்தது. பின்னர் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 ரேடியோ சிப், முழுத் திறனில் அனுப்ப 17.4 மில்லிஆம்பியர் இழுக்கும், பெறுவதற்கோ 18.8. யாருமே பேசாவிட்டாலும், காதைத் திறந்து வைத்திருக்க அதே செலவுதான். இப்படி விட்டால் அந்த இரண்டு பேட்டரிகள் ஒரு வாரம்கூடத் தாங்காது. வழி எத்தனை சிக்கனமாயிருந்தும் பலனில்லை.

இன்றைய முறைகள் இந்தப் பாடத்தில் பிறந்தவை. 2012இல் தரமாக்கப்பட்ட ‘ஆர்.பி.எல்.’ வழித்தட நெறி, வலையில் மாற்றம் இல்லாதவரை தன் அறிவிப்புகளின் இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். அதே ஆண்டு வந்த 802.15.4இ கம்பியில்லாத் தரம், கருவிகளுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தது. குறித்த நொடித்துளியில் மட்டும் விழித்தால் போதும்.

லோராவான் என்ற தொலைதூரக் கம்பியில்லா வலை நெறி இன்னும் ஒரு படி தாண்டி, இடைவழிக் கருவிகளையே நீக்கிவிட்டது. சென்சார் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கேட்வேயுடன் நேரே பேசும், பேசியபின் இரண்டு சிறு இடைவேளைகளில் மட்டும் கேட்கும், பிறகு உறங்கிவிடும். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் செலவு, மின் இணைப்புள்ள கேட்வேயின் தலையில். இதற்கும் விலை உண்டு: வேகம் மிகக் குறைவு, இந்த அடிப்படை முறையில் சென்சார் தானாகப் பேசும்வரை அதற்கு உத்தரவு அனுப்ப முடியாது. அலை எட்டாத சுரங்கத்திலும் இரும்பு நிறைந்த ஆலையிலும் கைமாற்றும் வலைகளுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

சென்சார் வலை அமைக்க நினைப்பவர் வழித்தட முறையின் பெயரைக் கேட்குமுன், நாளொன்றுக்கு ரேடியோ எத்தனை நொடி விழித்திருக்கும் என்று கேட்பது நல்லது.