சபை கூடும் நாளில் நாம் எங்கே இருக்கிறோம்?

2018ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணியிருக்கும். கொழும்பிலிருந்து சீனியும் பருப்பும் ஏற்றி வந்த லொறி என் கடை வாசலில் நின்றது. பாதி மூட்டைகள்கூட இறங்கியிருக்காது. பொலிஸ்காரர் ஒருவர் வந்து சாரதியின் லைசனை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். "காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை இந்தத் தெருவில் சாமான் இறக்க ஏலாது. போர்ட் போட்டிருக்கு, பாக்கல்லயா முதலாளி?" என்றார். திரும்பிப் பார்த்தேன். மின்கம்பத்தில் பெயின்ட் வாசம் போகாத புதுப் பலகை.

கோபத்தோடு நேரே நகர சபைக்குப் போனேன். அங்கு வேலை செய்யும் தம்பி ஒருவர் தெரிந்தவர். நான் சத்தம் போட்டு முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, கூட்டறிக்கைக் கோவையை எடுத்து விரித்தார். "இது இண்டக்கி நேத்து எடுத்த முடிவில்ல நானா" என்றார்.

நான்கு மாதங்களுக்கு முன் ஓர் உறுப்பினர் பிரேரணை கொண்டு வந்திருக்கிறார். பாடசாலை விடும் நேரத்தில் தெரு லொறிகளால் அடைபடுகிறது என்பது காரணம். மற்றொருவர் ஆமோதிக்க, விடயம் குழுவுக்குப் போயிருக்கிறது. ஆட்சேபனை இருந்தால் அறிவிக்கும்படி அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் நான் வரி கட்டப் போய் வந்தேன்! ஒரு கடிதமும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் 'ஏகமனதாக' நிறைவேறியிருக்கிறது.

அந்த 'ஏகமனதாக' என்ற சொல்தான் என்னைச் சுட்டது. தெரு முழுக்கக் கடைகள். எங்கள் எவருடைய மனதும் அதில் இல்லை. ஆனால் எங்கள் மௌனம் சம்மதமாகப் பதிவாகிவிட்டது.

பிறகு பதினைந்து கடைக்காரர்கள் சேர்ந்து கடிதம் எழுதினோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டது, குழுவுக்குப் போனது, அதற்கடுத்த கூட்டத்தில் தீர்மானம் திருத்தப்பட்டது. காலை 9 மணிக்கு முன்பும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையும் இறக்கலாம் என்றாயிற்று. பிள்ளைகளுக்கும் இடைஞ்சலில்லை, எங்களுக்கும் நட்டமில்லை. இவ்வளவு இலேசான காரியம்!

ஆனால் மூலைக்கடைத் தம்பிக்கு அது பிந்திவிட்டது. அவருடைய சில்லறைக் கடை, பகலில் வரும் கம்பனி வேன்களை நம்பி ஓடிய கடை. வேன்கள் தெருவுக்குள் வராமல் விட்டன. நாட்டாமி பிடித்துப் பிரதான வீதியிலிருந்து சாமான் சுமந்து வரக் கூலி கட்டவில்லை. கடனுக்கு எடுத்த முதலும் கையில் நிற்கவில்லை. திருத்தம் வந்தபோது அவர் கடைச் சாவியைக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து ஊரில் இன்னொருவர் கடையில் சம்பளத்துக்கு நின்றார். அந்த இரண்டு மூன்று மாதங்களை நாங்கள் முன்கூட்டியே எடுத்திருந்தால் அவர் கடை தப்பியிருக்கும். இந்தக் கவலை இன்றும் எனக்குண்டு.

சபைக்குள் நடப்பது என்ன?

நமது வியாபாரிகள் பலர் நகர சபை என்றால் தேர்தல் காலத்துச் சத்தம் என்று மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மாதந்தோறும் கூடிக் கணக்குப் பார்க்கும் இடம். நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், மாநகர சபைகள் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படியும் இயங்குகின்றன. சட்டம் வேறானாலும் கூட்டம் நடக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். சென்ற கூட்டத்தின் அறிக்கையை உறுதிப்படுத்துவார்கள். தவிசாளரின் அறிவித்தல்கள், வந்த கடிதங்கள், குழுக்களின் அறிக்கைகள், மாத வரவு செலவுக் கணக்கு, உறுப்பினர்களின் பிரேரணைகள் என்று ஒவ்வொன்றாகப் போகும். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் உங்கள் கடைக்கு முன்னாலுள்ள வடிகான், தெரு விளக்கு, குப்பை வண்டி வரும் நேரம், சந்தைக் கடையின் வாடகை எல்லாம் அந்த அலுப்பான பட்டியலுக்குள்தான் இருக்கின்றன.

வியாபாரியின் ஒரு வருடம்

சபையின் வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. இதை நமது கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்குமான மதிப்பீட்டு வரியைக் கட்டினால் 10 சதவீதம் கழிவு கிடைக்கும். காலாண்டுக்கு ஒரு தடவை கட்டுவோர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம். மொத்த வியாபாரத்தில் ஒரு சதவீத இலாபத்துக்கு அலைகிற நாம், இருந்த இடத்தில் கிடைக்கும் 10 சதவீதத்தை விட்டுவிட்டுப் பிறகு சிவப்பு அறிவித்தலோடு ஓடுகிறோம்.

வருடத் தொடக்கத்திலேயே அனுமதிப்பத்திர வேலையும் வருகிறது. இதில் மூன்று வகை உண்டு. சாப்பாட்டுக் கடை, பேக்கரி, இறைச்சிக் கடை, சலூன் போன்றவை சுகாதாரத்தோடு சம்பந்தப்பட்டவை. இவற்றுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் வேண்டும். கைத்தொழில்களுக்கு ஒரு வரி. இவ்விரண்டிலும் அடங்காத வியாபாரங்களுக்கு, முந்திய வருட வரவை வைத்து இன்னொரு வரி. மூன்றுக்கும் அறவிடக்கூடிய உச்சத் தொகை சட்டத்தில் உண்டு. எந்த வகையில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அடுத்த வருடத்துக்கான குத்தகைகள் கேள்வி மனுவுக்கு வரும். வாராந்தச் சந்தை, மீன் சந்தை, மாட்டிறைச்சிக் கடை, வாகனத் தரிப்பிடம் எல்லாம் இதில் அடங்கும். மனுக்கள் திறக்கப்படும் நாளையும் நேரத்தையும் அறிவித்தலிலேயே போடுவார்கள். அன்று நேரில் போய் நிற்பவனுக்குப் பிறகு சந்தேகம் வராது.

வருடக் கடைசியில் வரவு செலவுத் திட்டம். அதன் வரைவைச் சபை நிறைவேற்றுவதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த வருடம் உங்கள் தெருவுக்குக் கொங்கிரீட் வருமா வராதா என்பது அந்தத் தாள்களில் தெரிந்துவிடும். ஆனால் அதைப் புரட்டிப் பார்க்க எத்தனை வியாபாரிகள் போகிறோம்?

வீடு ஓர் ஊரில், கடை ஓர் ஊரில்

நம்மில் பலருக்கு வாக்குரிமை இருப்பது ஊரில். கடை இருப்பது நகரத்தில். வரி நகர சபைக்குப் போகிறது, வாக்கு வேறொரு பிரதேச சபைக்குப் போகிறது. அப்படியானால் அந்த நகர சபை உறுப்பினர் ஏன் நம்மைத் தேடி வர வேண்டும்? இதனால்தான் வாக்குள்ளவரை விடவும் நமக்குக் கடிதமும், சங்கமும், நேரில் போய் இருப்பதும் அவசியமாகின்றன.

2018 தேர்தல் முதல் வட்டாரத்துக்கு உறுப்பினர் தெரிவாகும் முறை திரும்ப வந்திருக்கிறது. சபையின் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினர் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். ஆகவே உங்கள் கடை இருக்கும் வட்டாரத்தின் உறுப்பினர் யார் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரும்வரை பெரும்பாலான இடங்களில் உறுப்பினர்களே இருக்கவில்லை. உத்தியோகத்தர்களே நிர்வாகம் செய்தார்கள். வரி மட்டும் நிற்கவில்லை. ஒரு சிறு குறையைச் சொல்லவும் பிரேரணை கொண்டு வர ஆளில்லாத அந்தக் காலம், கூட்டம் என்பதன் பெறுமதியை நமக்குக் காட்டியிருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் குறை

சபையை மட்டும் குறை சொல்லி இதை முடித்தால் அது நீதியல்ல. நடைபாதையில் சாமானைப் பரப்பி வைப்பவர்கள் நாம். கடைக் குப்பையை இரவில் வடிகான் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவதும் நாம்தான். சபையிடமிருந்து குறைந்த வாடகைக்குச் சந்தைக் கடையை எடுத்து, அதை இன்னொருவருக்குக் கூடிய வாடகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டிலிருப்போரும் நம் மத்தியில் இருக்கிறார்கள். வரி நிலுவை வைத்திருப்பவன் கூட்டத்தில் எழுந்து நின்று உரிமை பேச முடியுமா?

இன்னொரு பழக்கமும் உண்டு. பிரச்சினை வந்தால் கடிதம் எழுதுவதில்லை. தெரிந்த உறுப்பினருக்கு ஒரு கோல். அவரும் உத்தியோகத்தரிடம் சொல்லி அன்றைக்குச் சரி செய்து தருவார். அவர் பதவியை விட்டுப் போனதும் பிரச்சினை திரும்ப வரும், ஏனென்றால் எங்கும் எழுத்தில் இல்லை. தயவு ஆளோடு போய்விடும். தீர்மானம் கோவையில் நிற்கும்.

செய்யக்கூடியவை

எங்கள் தெருவில் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. மாதத்துக்கு ஒருவர் முறை வைத்து, கூட்ட நாளில் பார்வையாளராகப் போய் இருக்கிறோம். முதலில் செயலாளரிடம் சொல்லிவிடுவோம். திரும்பி வந்து அஸருக்குப் பின் தேநீர்க் கடையில் மற்றவர்களுக்குச் சொல்வார். சபைக்குப் போகும் ஒவ்வொருவரும் அறிவித்தல் பலகையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது இரண்டாவது ஒழுங்கு. கடிதம் எதுவானாலும் பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைப்பது மூன்றாவது.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் மாதத்தில் அரை நாள் போதும். கடையை அரை நாள் விட்டுப் போவது நட்டம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் மூலைக்கடையைக் காட்டுகிறேன். இப்போது அங்கே வேறு யாரோ கைத்தொலைபேசி விற்கிறார்கள்.