உங்களுக்குத் தெரியுமா? குளிர்கால வெயிலுக்கும் கூலிங்கிளாஸ் வேண்டும்

டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் லண்டனில் உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரி உயரம்தான் ஏறும். எடின்பரோவில் 11 டிகிரியைக்கூட எட்டாது. காரின் சன்வைசரை இறக்கிவிட்டாலும் அதன் அடிவிளிம்புக்குக் கீழே வெயில் புகுந்து நேரே கண்ணில் அடிக்கும். மழையில் நனைந்த தார்ச்சாலையும் சேர்ந்து பளபளத்தால், முன்னே போகும் சைக்கிள்காரர்கூடக் கண்ணுக்குத் தப்பிவிடுவார். எத்தனை பயங்கரம்!

வெயிலில் கண் கூசினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் நிறுத்தியே விட வேண்டும் என்கிறது பிரிட்டனின் 'ஹைவே கோட்' 93-ஆம் விதி.

கூலிங்கிளாஸ் பெரிதும் கைகொடுக்கும். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் உதவாது. ஐரோப்பியத் தரப்படி 0 முதல் 4 வரை வகைகள் உண்டு; பெரும்பாலும் காதுக் கம்பியின் உட்புறத்தில் அந்த எண் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பகலில் ஓட்ட 2 அல்லது 3 ஏற்றது. 4-ஆம் வகை 3 முதல் 8 சதவீத ஒளியை மட்டுமே விடும். அதை அணிந்து ஓட்டவே கூடாது.

ஈரச் சாலையில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வது. போலரைஸ்டு லென்ஸ் அதை வடிகட்டிவிடும். சில டாஷ்போர்டு திரைகள் அதன் வழியே மங்கலாகத் தெரியும் என்பதால், வாங்கும் முன் காரில் உட்கார்ந்து சோதிப்பது நல்லது. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸை நம்பினால் ஏமாற்றம்தான்: அதைக் கறுக்கவைக்கும் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை முன்கண்ணாடியே தடுத்துவிடுகிறது.

டிசம்பர் நடுவில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டிலும் சரியாகக் கண் தெரியாத சூழலிலும், பார்வையைக் குறைக்கும் நிறமேற்றிய கண்ணாடி கூடாது என்பது அதே 'ஹைவே கோட்' 94-ஆம் விதி.