பழைய போர்டும் புது டிஸ்க்கும்

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, இலங்கையில் புதுக் கணினி வாங்கும் கணக்குப் பலருக்குத் தலைகீழாகிப் போனது. கண்டியிலும் பேராதனையிலும் 2011, 2012 காலத்துப் பெட்டிகளை இன்னும் வைத்திருப்பவர்களைக் கஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பெட்டிகளைத் தள்ளாடவைப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதற்குப் பதில் சுழலும் பாகமில்லாத, வேகமான என்விஎம்இ டிஸ்க் ஒன்றையும், பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டில் செருகும் அடாப்டரையும் வாங்கினால் போதும் என்று தோன்றும். வின்டோஸ் 10 நிறுவும்போது டிஸ்க் தெரியும். கோப்புகள் எல்லாம் ஏறும். கணினி நின்று மறுபடி எழும்போதுதான் அப்படியொரு டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும். டிஸ்க் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

என்விஎம்இ விதிமுறையின் முதற்பதிப்பு வந்தது 2011 மார்ச்சில். இன்டெலின் எச்61 சிப்செட் கொண்ட போர்டுகளும் அதே ஆண்டுப் பிள்ளைகள். அவற்றின் பயோஸில், அதாவது கணினியை முதலில் எழுப்பும் நிரலில், இந்த டிஸ்க்குக்கான டிரைவர் இல்லை. 2014இல் வந்த இசட்97 சிப்செட் தலைமுறையிலிருந்துதான் அது பரவலாக இடம்பிடித்தது. வின்டோஸ் 10இடம் சொந்த டிரைவர் உண்டு, லினக்ஸ் கேர்னலில் 2012இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அவற்றை எழுப்ப வேண்டிய பயோஸுக்கு டிஸ்க்கை அடையாளம் தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரிந்த விருந்தாளியைப் படலையில் நிற்பவன் மறித்த கதைதான். சாம்சங்கின் 950 புரோ டிஸ்க் துவக்கத்துக்கான நிரலைத் தன்னுள்ளேயே சுமந்து வந்ததால் பல பழைய போர்டுகளிலும் நேராக எழுந்தது. குறை இரும்பில் இல்லை, சிறியதொரு நிரலில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அந்த நிரலை பயோஸுக்குள்ளேயே புகுத்தலாம் என்பார்கள் கைதேர்ந்தவர்கள். யூஇஎஃப்ஐ வகை பயோஸில் அது முடியும், வேலை சுத்தம். ஆனால் பயோஸ் சிப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் போர்டே ஊமையாகிவிடும். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பிற்பகல் இடிமழை மலைநாட்டுக்குப் புதிதல்ல. 2023 டிசம்பர் 9இல் கொத்மலை–பியகம மின்கம்பித் தொடரின் கோளாறு நாட்டையே இருட்டாக்கியது. 2025 பெப்ரவரி 9இல் அதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கே போதுமாயிருந்தது. (கண்டியில் குரங்குக்கா பஞ்சம்?) அதனால் பயோஸைத் தொடாத வழியே இங்கு புத்தி. குளோவர் என்ற துவக்க நிரலை ஒரு பென் டிரைவில் பதிந்து, அதில் என்விஎம்இ டிரைவர் கோப்பை வைத்தால், கணினி முதலில் பென் டிரைவிலிருந்து எழுந்து, பிறகு டிஸ்க்கிலுள்ள வின்டோஸிடம் பொறுப்பைக் கொடுக்கும். லினக்ஸுக்கு இதுகூட வேண்டாம்: பூட் பகுதியைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் விட்டு, மற்றதைப் புதியதில் வைத்தால் சரி.

பென் டிரைவ் கெட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அது கெட்டாலும் தரவு டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். இரண்டாவது பிரதி ஒன்றை மேசை லாச்சியில் போட்டுவைத்தால் போதும். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வின்டோஸ் 11 இந்தப் போர்டுகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே இந்தச் செலவு லினக்ஸுக்கு மாறத் தயாரானவருக்கே முழுதாகப் பயன்படும். சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்பார்கள். 6 கிகாபிட் சாட்டா உள்ள போர்டுக்கு அந்த யோசனை சரி, அன்றாட வேலையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எச்61இல் இருப்பதோ 3 கிகாபிட் சாட்டா மட்டும். எந்த எஸ்எஸ்டியும் நொடிக்கு 280 மெகாபைட் அளவில் முட்டி நிற்கும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத அலுவலகக் கணினியில் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் சும்மாதான் கிடக்கிறது. அதில் என்விஎம்இ டிஸ்க் 1,500 மெகாபைட்டைத் தாண்டும். சிறிய ஸ்லொட்டில் செருகினால் 500க்கும் கீழே போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.